பதினொரு வயதுப் பையனுக்கு உதை குறைந்த முதல் துப்பாக்கி எது?

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. வீடு கம்பத்தில், ஏலத்தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், வண்டன்மேட்டுப் பக்கம். பையனுக்கு 11 வயது, எடை 34 கிலோ. தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை. உங்கள் அப்பா பெயரில் லைசென்ஸோடு ஒற்றைக்குழல் 12 போர் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. பையனுக்குத் துப்பாக்கி மேல் கொள்ளை ஆசை. நியூசிலாந்தில் இருக்கும் மைத்துனர் “.243 நல்லது, உதைக்காது” என்கிறார்; தோட்டாவின் விட்டத்தை அங்குலத்தில் சொல்லும் ரைபிள் அளவு அது. அடுத்த விடுமுறைக்குப் பையன் அங்கே போகிறான். ஆகவே உதை (சுடும்போது துப்பாக்கி பின்னால் தோளில் இடிப்பது) குறைந்த முதல் வேட்டை ரைபிள் எது, அதுவரை வீட்டிலிருக்கும் 12 போரில் பழக்கலாமா என்று கேட்கிறீர்கள். உண்மையில் இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன: இங்கே எதை அவன் கையில் கொடுக்கலாம், எந்தத் துப்பாக்கி அவன் உடம்புக்கு ஏற்றது, அங்கே போனால் எதை எடுக்கச் சொல்வது. மூன்றுக்கும் மூன்று விடைகள். 12 போரைப் பற்றிய விடையை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கூடாது. “ஒரே ஒரு தடவை, நான் பிடித்துக்கொள்கிறேன்” என்றும் வேண்டாம்.

சட்டத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி இது. 1959 ஆயுதச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ எடுத்துச் செல்லவோ கூடாது. விதிமுறைப்படி நடக்கும் பயிற்சிக்கு மட்டும் விலக்கு உண்டு; தோட்டத்து மேட்டில் தாத்தா துப்பாக்கியை எடுத்துச் சுட்டுப் பார்ப்பது அந்த விலக்கில் வராது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. கேரளத்தில் 2022 மே மாதம் முதல், ஊருக்குள் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு வழங்கப்பட்டிருக்கிறது. ஆனால் சுடுவது லைசென்ஸ் உள்ள, அதற்கென அனுமதிக்கப்பட்ட ஆட்கள்; தோட்டக்காரர் வீட்டுப் பையன் அல்ல. மலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அது வனத்துறை ஆட்களின் வேலை. ஆகவே பன்றித் தொல்லையையும் பையனின் ஆசையையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். பன்றிக்கு வேலி, காவல், பஞ்சாயத்தில் மனு என்று வழி வேறு.

அப்பாவின் துப்பாக்கி பற்றி இன்னும் இரண்டு விஷயம். சரணாலய எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் லைசென்ஸ்காரர்கள் வனத்துறையிடம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அதே வனச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்கிறது. பெரியாறும் மேகமலையும் உங்களுக்கு இரு பக்கமும் இருப்பதால் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். லைசென்ஸில் செல்லுபடியாகும் பகுதி என்று ஒரு வரி இருக்கும். அதில் தமிழ்நாடு மட்டும் எழுதியிருந்தால் கம்பம்மெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டித் துப்பாக்கியைத் தோட்டத்துக்குக் கொண்டு போவதே குற்றம்.

அப்படியானால் பையனுக்கு என்னதான் இருக்கிறது? ஏர் ரைபிள் இருக்கிறது. 4.5 மில்லிமீட்டர் குழல், அதாவது .177, குழல் முனையில் ஆற்றல் 20 ஜூலுக்குள் என்றால் லைசென்ஸ் வேண்டாம். 5.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிள் இந்தச் சலுகைக்குள் வராது. “சார், இது கொஞ்சம் பவர் ஜாஸ்தி” என்று கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். பெரியவர் பெயரில், அடையாள அட்டை கொடுத்து, பில்லோடு வாங்குங்கள். பள்ளியில் என்.சி.சி. இருந்தால், சேரும் வயது வந்த பிறகு அதில் சேர்ந்து, ஆசிரியர் மேற்பார்வையில் .22 ரைபிளும் சுடலாம். மாவட்ட ரைபிள் சங்கங்கள் வழியாகப் போட்டிக்குப் போகும் பாதையும் திறந்தே இருக்கிறது. அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். “வெறும் ஏர் கன்தானே” என்று பையன் முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

இனி உதை. தோட்டாவும் வெடிமருந்தின் புகையும் முன்னால் பாயும்போது அதே அளவு உந்தம் துப்பாக்கியைப் பின்னால் தள்ளுகிறது. கணக்கு எளிது: ரவையின் எடையை வேகத்தால் பெருக்கி, மருந்துப் புகையின் பங்கையும் சேர்த்து, அந்தத் தொகையைத் தன்னாலேயே பெருக்கி, துப்பாக்கி எடையின் இரு மடங்கால் வகுத்தால் உதையின் ஆற்றல் ஜூலில் வரும். 32 கிராம் ரவை போடும் சாதாரண 12 போர் தோட்டாவை 3 கிலோ துப்பாக்கியில் சுட்டால் ஏறக்குறைய 30 ஜூல். 3 கிலோ மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தோள்பட்டை எலும்பு மேல் போட்டால் எவ்வளவோ, அவ்வளவு. பழைய ஒற்றைக்குழல்கள் பல 2.7 கிலோதான் இருக்கும்; அதில் இது 34 ஜூலுக்கு ஏறும். இஷாப்பூர் .315 ரைபிளும் 26 ஜூல் வாக்கில் நிற்கும். .22 ரைபிளில் இதே கணக்குப் போட்டால் 0.2 ஜூல்கூடத் தேறாது. ஏர் ரைபிளில் பெல்லட்டால், அதாவது அதில் போடும் சின்ன ஈய ரவையால், வரும் உதை அதைவிடவும் சொற்பம்.

பையன்கள் கெட்டுப்போவது வலியால் மட்டும் அல்ல. அடுத்த முறை ட்ரிகரை இழுக்கும்போது, வெடிப்பதற்கு ஒரு நொடி முன்பே கண் இறுகி மூடும், தோள் முன்னால் பாயும், குழல் கீழே இறங்கும். இந்த மிரட்சி ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் இறக்குவதற்கு மாதக்கணக்கு ஆகும். பெரியவர்கள் அதை “குறி சரியில்லை” என்று நினைத்துத் திட்டுவார்கள். திட்டத் திட்ட அது கூடும். மிரட்சிக்கு மூன்று காரணங்கள் உண்டு: உதை, சத்தம், உடம்புக்குப் பொருந்தாத கட்டை (துப்பாக்கியில் தோளில் வைத்துப் பிடிக்கும் பின்பகுதி). இவற்றில் உதையை மட்டும்தான் எல்லோரும் கேட்கிறார்கள். சத்தத்துக்குக் காதடைப்பான் போட்டால் பாதி மிரட்சி போய்விடுவதைப் பயிற்சியாளர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூன்றாவதான கட்டையின் பொருத்தம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியதாகப் படுகிறது.

கட்டை நீளம் என்பது ட்ரிகரின் நடுவிலிருந்து, தோளில் பதியும் பின்முனை வரை உள்ள தூரம். பெரியவர்களுக்கான துப்பாக்கியில் அது 34 முதல் 36 சென்டிமீட்டர். 11 வயதுப் பையனுக்கு 29 முதல் 32-க்குள் வேண்டும். அளக்கும் விதம்: முழங்கையை 90 டிகிரி மடக்கச் சொல்லுங்கள். முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் ரேகை வரை டேப் பிடியுங்கள். அந்த அளவுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் போதும். கட்டை நீளமாக இருந்தால் பையன் பின்முனையைத் தோள்குழியில் வைக்க முடியாமல் புஜத்தில் வைப்பான்; உடம்பைப் பின்னால் வளைத்து, இடுப்பை முன்னால் தள்ளி நிற்பான். அந்த நிலையில் சின்ன உதைகூட அவனை ஓரடி பின்னால் தள்ளும். படம் எடுத்துப் பாருங்கள்: பக்கவாட்டில் நின்று பார்த்தால் காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். முதுகு வில்லாக வளைந்திருந்தால் துப்பாக்கி அவனுடையது அல்ல, எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும் சரி.

எடையில் ஒரு முரண் இருக்கிறது. கனமான துப்பாக்கி குறைவாக உதைக்கும். ஆனால் சிறுவனால் தாங்க முடியாது. 34 கிலோ எடையுள்ளவனுக்கு 3 கிலோவை ஒட்டி இருப்பது நல்லது, மூன்றரைக்கு மேல் வேண்டாம். இது அனுபவத்தில் வந்த எல்லை. மருத்துவ ஆய்வில் வந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சோதனை எளிது: காலியான துப்பாக்கியைத் தோளில் வைத்து, சுவரில் ஒட்டிய ஒரு கருப்புப் புள்ளியை 30 செகண்ட் பார்க்கச் சொல்லுங்கள். இருபதாவது செகண்டில் குழல் முனை வட்டமடிக்க ஆரம்பித்தால் கனம் அதிகம், அல்லது கனம் முழுக்க முன்பக்கம் இருக்கிறது. இரண்டு துப்பாக்கி ஒரே எடையாக இருந்தாலும் குழல் முனையில் கனம் குவிந்தது சிறுவனுக்கு ஆகாது. மேஜை மேல் மணல்மூட்டை வைத்துச் சாய்த்துச் சுடும் முதல் சில மாதங்களுக்கு எடை பெரிய பிரச்சினை இல்லை; நின்று சுட ஆரம்பிக்கும்போதுதான் தெரியும்.

எந்தக் கண் ஆளும் கண் என்று பார்க்காமல் பணம் கொடுத்துவிடாதீர்கள். இரு கையையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் ஒரு சிறு ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்து விளக்கை இரு கண்ணாலும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே கையை முகத்துக்குக் கொண்டுவரச் சொன்னால் ஓட்டை தானாக ஒரு கண்ணுக்குப் போகும். அதுதான் ஆளும் கண். வலக்கைக்காரனுக்கு இடக்கண் ஆள்வது அபூர்வம் இல்லை. பெரியவராக இருந்தால் ஒரு கண்ணை மறைத்துச் சமாளிக்கச் சொல்லலாம். 11 வயதுப் பையனை இடத்தோளில் வைத்துப் பழக்கினால் சில வாரத்தில் இயல்பாகிவிடும், ஆயுசுக்கும் தொந்தரவு இல்லை. இது தெரியாமல் வலத்தோளில் வைப்பவருக்கென்று கன்னமேடு (கன்னம் சாயும் மேடு) வைத்த கட்டையை வாங்கிவிட்டால் திண்டாட்டம். முதல் துப்பாக்கிக்கு இரு பக்கமும் ஒரே மாதிரியான கட்டையே உத்தமம்.

இப்போது எந்த வகை ஏர் ரைபிள் என்பது. கடைகளில் அதிகம் கிடைப்பது குழலை மடக்கி இழுத்து ஏற்றும் ஸ்பிரிங் ரகம். மலிவு, காற்று நிரப்பும் சாமான் வேண்டாம், பத்து வருஷம் உழைக்கும். ஆனால் உதை இல்லாத துப்பாக்கி என்று நினைத்து இதை வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். ட்ரிகரை இழுத்ததும் உள்ளே கால் கிலோ எடையுள்ள பிஸ்டன் 8 சென்டிமீட்டர் முன்னால் பாய்கிறது. அதற்கு ஈடாக 3 கிலோ துப்பாக்கி 6, 7 மில்லிமீட்டர் பின்னால் நகர்கிறது. பிஸ்டன் முன்சுவரில் போய் முட்டும்போது துப்பாக்கி மறுபடி முன்னால் துள்ளுகிறது. பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. தோள் வலிக்காது, ஆனால் ஒவ்வொரு முறையும் பிடி கொஞ்சம் மாறினால் பெல்லட் விழும் இடமும் மாறும். இறுக்கிப் பிடித்தால் ஒரு இடம், தளர்த்திப் பிடித்தால் வேறு இடம். இதற்கு மருந்து, முன்கையைத் திறந்த உள்ளங்கையாக வைத்து அதன் மேல் துப்பாக்கியைச் சும்மா படுக்க வைப்பது, தோளில் லேசாக ஒட்டுவது, அதன் போக்கில் துள்ள விடுவது. 11 வயதுக்காரனுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கலாம். ஆனால் தன் தவறு எது, துப்பாக்கியின் துள்ளல் எது என்று அவனால் பிரித்துப் பார்க்க முடியாது. முதல் ஆண்டில் கற்க வேண்டியதே அந்தப் பிரித்தறிதல்தான்.

ஸ்பிரிங் ரகத்தில் இன்னொரு சிக்கல், மடக்கி ஏற்றுவதற்கு 12 முதல் 18 கிலோ வரை விசை வேண்டும். உங்கள் பையன் தன் எடையில் பாதி வரை ஒவ்வொரு சுடுதலுக்கும் இழுக்க வேண்டியிருக்கும். பாதியில் கை நழுவினாலோ, பெல்லட் வைக்கும்போது ட்ரிகரில் விரல் பட்டாலோ குழல் சடாரென்று மேலே வந்து மூடும்; விரல் நசுங்கும். ஆகவே ஸ்பிரிங் ரகம்தான் வாங்குவது என்று முடிவானால் பெரியவர் ஏற்றிக் கொடுக்க வேண்டும். பெல்லட் வைக்கும்போது மறுகை குழலை விடவே கூடாது. பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட விடாதீர்கள்: காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராக முட்டி அதன் வாஷர் கிழியும், ஸ்பிரிங் முறியும். நண்பர்கள் வந்து “க்ளிக்” பண்ணிப் பார்ப்பதால்தான் பாதித் துப்பாக்கிகள் ரிப்பேருக்குப் போகின்றன.

முன்கூட்டியே காற்று நிரப்பிய சிலிண்டர் உள்ள ரகத்தை பி.சி.பி. என்கிறோம். பிஸ்டன் கிடையாது, வால்வு ஒன்று கண நேரம் திறந்து மூடும், அவ்வளவுதான். துள்ளல் கிட்டத்தட்ட இல்லை, ஏற்றுவதற்கு இரண்டு விரல் போதும். போட்டிக்கான 10 மீட்டர் ரைபிள் அரை கிராம் பெல்லட்டை நொடிக்கு 170, 175 மீட்டர் வேகத்தில் அனுப்பும். ஆற்றல் 8 ஜூல் அளவு. அது போதாதா என்று கேட்காதீர்கள், 10 மீட்டர் குறி அட்டையில் பத்து மதிப்பெண் புள்ளியே அரை மில்லிமீட்டர்தான். அங்கே பலத்துக்கு வேலை இல்லை. காசு இருந்தால் என் தேர்வு, சந்தேகமே இல்லாமல், சிறுவர் அளவுக்குக் கட்டையைச் சுருக்கி நீட்டக்கூடிய பி.சி.பி. உள்நாட்டில் பிரிசிஹோல் போன்றவர்கள் கிளப் பயிற்சிக்கான பி.சி.பி. ரைபிள் செய்கிறார்கள், வால்டர், ஃபெயின்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனிகளுக்குச் சிறுவர் மாடலே தனியாக உண்டு. ஆனால் எதையும் உடனே வாங்காதீர்கள். மதுரையிலோ கோவையிலோ ஒரு ரைபிள் கிளப்பில் சேர்த்து, முதல் இரண்டு மூன்று மாதம் கிளப் துப்பாக்கியில் சுடட்டும். ஆசை நிற்கிறதா, எந்தத் தோள், கட்டை நீளம் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். எழுத்தைப் படித்து அளவு சொல்லலாம், ஆனால் அவன் நிற்கிற விதத்தைக் கண்ணால் பார்த்த பயிற்சியாளர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

பி.சி.பி. வீட்டுக்கு வந்துவிட்டால் சில எச்சரிக்கைகள். சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருக்கிறது. கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். கம்பத்து வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் உள்ளே 60 டிகிரி ஏறும்போது 200 பார் 220-ஐத் தாண்டும். கைப்பம்பில் அடிப்பது பெரியவர் வேலை, விட்டு விட்டு அடியுங்கள். ஒரே மூச்சில் அடித்தால் பம்பு சூடேறி உள்ளே ஈரம் இறங்கும். காற்று நுழையும் வாயில் எண்ணெய் விடவே கூடாது. அழுத்தத்தில் எண்ணெய் தீப்பிடித்து வெடிக்கும். ஆக்சிஜன் சிலிண்டரில் நிரப்பித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். போட்டி ரைபிள் சிலிண்டர்களில் தயாரித்த மாதமும் வருஷமும் பொறித்திருக்கும். பொதுவாகப் பத்து வருஷம் கணக்கு. பழைய துப்பாக்கி வாங்கும்போது முதலில் அந்தப் பொறிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

சைட், அதாவது குறி பார்க்கும் உறுப்பு, விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கியான ஸ்கோப் வேண்டாம். ஸ்கோப்பில் தன் நடுக்கம் பெரிதாகத் தெரிந்து பையன் பயந்து அவசரமாக இழுப்பான். தவிர, ஸ்பிரிங் துப்பாக்கியின் இரு பக்கத் துள்ளல் மலிவான ஸ்கோப்பை உள்ளுக்குள் உடைத்துவிடும். சாதாரண திறந்த சைட்டில் தொடங்கட்டும். நம் நாட்டுப் போட்டிகளில் புதியவர்களுக்கு ஓப்பன் சைட் என்றே தனிப் பிரிவு இருக்கிறது. பிறகு துளை வழியே பார்க்கும் பீப் சைட்டுக்கு மாறலாம்.

பெல்லட் தட்டைத் தலையாக இருக்கட்டும், அரை கிராம் வாக்கில். அட்டையில் வட்டமாக வெட்டி விழும், மதிப்பெண் பார்க்க எளிது. ஒரே டப்பாவையே தொடர்ந்து வாங்குங்கள். முதல் இலக்கு மதிப்பெண் அல்ல. மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்ட ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழ வேண்டும். அது எங்கே விழுந்தாலும் சரி. ஐந்தும் சேர்ந்து விழுந்த பிறகு சைட்டைத் திருகலாம், அதற்கு முன் தொடக் கூடாது. ஒரு நாளைக்கு 30, 40 பெல்லட் போதும். அதற்கு மேல் கை தளர்ந்து கெட்ட பழக்கம்தான் ஏறும்.

வீட்டில் 10 மீட்டர் வேண்டுமானால் முடிவில் சுவர் இருக்க வேண்டும், இடையில் கதவோ சந்தோ இருக்கக் கூடாது. பெல்லட் காலி வெளியில் 300 மீட்டர் தாண்டும். ஏலச்செடி மறைவு அதை நிறுத்தாது, வேலையாட்கள் உள்ளே குனிந்திருப்பது கண்ணுக்கும் தெரியாது. ஆகவே தோட்டத்துக்குள் சுடுவதே வேண்டாம். அட்டைக்குப் பின்னால் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து ஒரு பெட்டிக்குள் பொருத்தினால் பெல்லட் கீழே விழுந்து தங்கும். பழைய துணியை இறுக்கி அடைத்த மரப்பெட்டியும் ஆகும், வாரம் ஒருமுறை துணியைத் திருப்பி அடைக்க வேண்டும். வெறும் சுவரிலோ செங்குத்தான தகட்டிலோ அடித்தால் பெல்லட் நேரே திரும்பி வரும். சுடுகிறவனுக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி கட்டாயம். பெல்லட் ஈயம் என்பதால் வாயில் கவ்விக்கொள்ளக் கூடாது, சுட்டு முடித்துச் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் எதையும் தின்னக் கூடாது. பெட்டியிலிருந்து பெல்லட்டை அள்ளுவது பெரியவர், ஈரத்துணியோடு. துப்பாக்கி பூட்டில், பெல்லட் வேறு பூட்டில், இரண்டு சாவியும் உங்களிடம்.

கிளி, மைனா, அணில், குரங்கு, பாம்பு எதையும் குறி பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லுங்கள். ஏர் கன்னால் அடித்தாலும் அது வேட்டைதான். அந்த உயிர் வனச் சட்டத்தின் எந்த அட்டவணையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சிறைத்தண்டனை வரை போகும். தேக்கடிச் சரணாலயத்துக்குள் குடும்பத்தோடு போகும் நாளில் துப்பாக்கி காரில் இருக்கவே கூடாது. வன அதிகாரியின் முன்னனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைய 31-ஆம் பிரிவு விடாது. மலைப்பாதையில் கிளப்புக்குக் கொண்டு போகும்போது உறையில், ஏற்றாமல், பெல்லட் தனியாக, பில் நகலோடு.

கடைசியாக நியூசிலாந்து. அங்கே மான் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட விலங்கு, வேட்டை சட்டப்படியானது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர் லைசென்ஸ் உள்ள ஒருவரின் நேரடி மேற்பார்வையில் மட்டுமே சுடலாம். நேரடி என்றால் கைநீட்டினால் துப்பாக்கியைத் தடுக்கும் தூரம். மேற்பார்வை செய்கிறவர் அந்நேரம் தன் துப்பாக்கியைக் கையாளக் கூடாது. உங்கள் மைத்துனர் சொன்ன .243 தவறான தேர்வு அல்ல. 6.5 கிராம் தோட்டா, 3.4 கிலோ ரைபிளில் 12 ஜூல் உதை. ஆனால் அதே தோட்டாவை மலையேற வசதியான 2.7 கிலோ ரைபிளில் போட்டால் 15-ஐத் தொடும்; “.243 உதைக்காது” என்று பொதுவாகச் சொல்வது அதனால்தான் சரியில்லை. மற்ற ரைபிள் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க: .223-க்கு 4 முதல் 5 ஜூல், 7 மில்லிமீட்டர்-08-க்கு 17, .308-க்கு 21, .30-06-க்கு 27. சிறுவருக்கு 13, 14 ஜூலுக்குள் என்பது வழக்கத்தில் உள்ள எல்லை. பையனுக்குப் பையன் அது மாறும். கட்டை பொருந்தினால் 14 சுகமாக இருக்கும், பொருந்தாவிட்டால் 8 கூட அடிக்கும்.

.223 மானுக்குப் போதுமா என்பதில் அனுபவசாலிகளே இரண்டு கட்சி. கிட்டத்தில், சரியான இடத்தில், அதற்கென்று செய்த தோட்டாவோடு என்றால் ஆகும் என்பார்கள் ஒரு சாரார். சின்னப் பிசகுக்கும் அதில் இடமில்லை, முதல் முறை சுடும் சிறுவன் கையில் அது மிருகத்தைக் காயத்தோடு ஓட விடும் என்பார்கள் மற்றவர்கள். என் சாய்வு இரண்டாவது பக்கம். அதைவிட நல்ல வழி, கனமான .243-இல் சத்தம் குறைக்கும் சப்ரஸர் மாட்டுவது. நியூசிலாந்தில் அது சாதாரணமாகப் புழங்கும் பொருள். கால் கிலோ, அரைக் கிலோ எடையும் கூடும், வெளியேறும் புகையின் உந்தத்தையும் குறைக்கும், சத்தத்தையும் 20, 30 டெசிபல் இறக்கும். ஆனாலும் காதடைப்பான் வேண்டும். மஸில் பிரேக் என்று துளைகள் போட்ட முனையை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள்: உதையைக் குறைக்கும், சத்தத்தைப் பின்னால் பையன் காதுக்கே திருப்பி அனுப்பும்.

கட்டையைச் சுருக்கியிருந்தால் ஸ்கோப்பையும் நகர்த்தி மாட்டச் சொல்லுங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். நின்று பார்க்கும்போது சரியாக இருப்பது, படுத்துச் சுடும்போதும் மேட்டை நோக்கிச் சுடும்போதும் தலை முன்னால் ஊர்ந்து குறைந்துவிடும்; புருவத்தில் வெட்டுக்காயம் விழுவது அப்போதுதான். மூன்று நிலையிலும் காலித் துப்பாக்கியில் பார்த்துவிட்டே திருகை முறுக்க வேண்டும்.

போய் இறங்கிய முதல் வாரம் .22-இல் ஒரு பெட்டி, 50 தோட்டா, காகித அட்டையில் சுடட்டும். அதன் பிறகு .243-இல் முதல் நாள் மூன்றே மூன்று, உட்கார்ந்து, மேஜையில் சாய்த்து, தோளுக்கும் கட்டைக்கும் இடையில் மெத்தை வைத்து. மைத்துனர் நடுவில் அவனுக்குத் தெரியாமல் பயிற்சிக்கான, வெடிக்காத போலித் தோட்டா ஒன்றை நுழைக்கட்டும். ட்ரிகரை இழுத்து வெடிக்காதபோது குழல் அசையாமல் நின்றால் மறுநாள் ஐந்து சுடலாம். குழல் கீழே குத்தினால் .22-க்கே திரும்ப வேண்டும். அந்தப் பயணத்தில் மான் வேட்டைக்கு அவன் வேடிக்கை பார்க்க மட்டும் போகட்டும்.